நூறு அட்டை, ஒரு பெட்டி, எழுதப்படாத நாற்பது கதைகள்

பொருள் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 3க்கு 5 அங்குல இன்டெக்ஸ் கார்டு, நூறு அட்டை கொண்ட வெள்ளைக் கட்டு ஒன்று. அதே அளவில் மஞ்சள் கட்டு ஒன்று. இரண்டையும் நிறுத்தி வைக்க, மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் டிவைடர்கள். கம்பெனிப் பெயர் சொல்லவில்லை. இதில் கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வித்தியாசம் கிடையாது, தாளின் கனம் ஒன்றைத் தவிர. அதற்குப் பிறகு வருகிறேன்.

பரீட்சைக்குப் படிக்க, சொற்பொழிவுக்குக் குறிப்பெடுக்க என்று இந்த அட்டைகளுக்குப் பல உபயோகங்கள் உண்டு. நான் வாங்கியது ஒரே காரியத்துக்கு. கையில் இருக்கும் கதைக்கருக்களில் எதை எழுதுவது என்று முடிவெடுக்க. அந்த வேலைக்கு இவை தேறுமா என்பதுதான் இந்த மதிப்புரை.

கரு கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். கரு அதிகமாகி அவதிப்படுகிறவர்களைப் பார்த்து யாரும் இரக்கப்படுவதில்லை. "உனக்கென்னடி, கொட்டுது" என்பாள் என் சிநேகிதி. கொட்டுவது உண்மைதான். ஆனால் பத்துப் பதினைந்து பக்கம் ஓடிய கதையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவி, அதையும் பாதியில் விட்டால், வருஷக் கடைசியில் கரு இல்லாதவளுக்கும் எனக்கும் ஒரே கணக்குத்தான். நான் பகலில் கணக்கு வேலை பார்க்கிறவள். எழுத்துக்கு ராத்திரியில் ஒரு மணி நேரம் மிஞ்சினால் பெரிது. அந்த ஒரு மணி நேரத்தை எதில் போடுவது என்பது எனக்கு இலக்கியப் பிரச்சினை இல்லை, முதலீட்டுப் பிரச்சினை.

அட்டைகளின் முதல் நன்மை மிகச் சாதாரணமானது. எல்லாக் கருவும் ஒரே இடத்துக்கு வருகின்றன. அதற்கு முன் போனில் கொஞ்சம், பழைய டைரிகளில் கொஞ்சம், எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப்பில் கொஞ்சம் என்று கிடந்தன. போனில் ஒரு தந்திரம் இருக்கிறது, கவனித்தீர்களா? குறிப்புச் செயலிகள் பெரும்பாலும் கடைசியாகத் தொட்டதை மேலே காட்டும். அதனால் நேற்று தோன்றியதுதான் எப்போதும் முன்னால் நிற்கும், நேற்றுத் தோன்றியதுதான் எப்போதும் சிறந்ததாகவும் தெரியும். மூன்று வருஷமாகக் கீழே கிடக்கும் கருவுக்கு வாய்ப்பே இல்லை. மேஜையில் அட்டைகளைப் பரப்பினால் இந்தச் சலுகை போய்விடுகிறது. பழசும் புதுசும் ஒரே அளவு, ஒரே நிறம்.

அடுத்து, அளவு. 3க்கு 5 அங்குலம் என்றால் மில்லிமீட்டரில் ஏறத்தாழ 76க்கு 127. என் கையெழுத்தில் மூன்று வாக்கியம் கொள்ளும், நெருக்கி எழுதினால் ஐந்து. ஒரு கதையைச் சொல்ல இது போதாது. ஒரு கருவில் கதை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் போதும். நான் எல்லா அட்டையிலும் ஒரே விதமாக எழுதினேன்: யார், அந்த ஆளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. இந்த மூன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் யாரும் முதல் வகுப்பில் சொல்வதுதான். ஆனால் தலையில் வைத்துக்கொண்டு சுற்றும்போது ஒரு கருவில் இவற்றில் எது இல்லை என்று தெரியவே தெரியாது. அட்டையில் எழுதினால் காலி இடம் பல்லிளிக்கிறது.

உதாரணத்துக்கு, வருஷக்கணக்காக நான் ஆசையோடு வைத்திருந்த ஒன்று: ஒரு ஊரில் எல்லாக் கடிகாரங்களும் ஒரே ராத்திரியில் ஒரு மணி நேரம் பின்தங்கிவிடுகின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. அட்டையில் எழுதினேன். யார்? தெரியாது. என்ன வேண்டும்? யாருக்கு என்று தெரிந்தால்தானே. அது கதை இல்லை, ஒரு நிலைமை. அதே போல, 'தனிமை பற்றி ஒரு நாவல்' என்று ஒரு குறிப்பு இருந்தது. அது நிலைமைகூட இல்லை, வெறும் பொருள். கிழித்துப் போடவில்லை. மூலையில் 'ஆள் இல்லை' என்று பென்சிலில் எழுதி வைத்தேன். சில அட்டைகளுக்கு நேர்மாறான குறை. ஆள் உயிரோடு நிற்கிறார், பேசுகிறார், ஆனால் அவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

இந்த அளவு அட்டைக்குப் பெரிய வம்சாவளி உண்டு. தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ், 1760களில் கிட்டத்தட்ட இதே அளவுத் தாள் துண்டுகளில் ஒரு துண்டுக்கு ஓர் இனம் என்று குறிப்பெடுத்தார். உலகின் மூலைகளிலிருந்து புதுச் செடிகள் வந்துகொண்டே இருந்தன. தைத்த நோட்டில் நடுவில் செருக இடம் ஏது? பின்னர் நூலகங்கள் இந்த அட்டையைத் தத்தெடுத்தன. 20ஆம் நூற்றாண்டில் நிக்லாஸ் லூமன் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் ஏறத்தாழ 90,000 குறிப்புச் சீட்டுகளை எண் போட்டுக் கோத்து, அவற்றிலிருந்து புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். இன்று குறிப்பெடுக்கும் செயலி பற்றி எந்தப் பேச்சு வந்தாலும் அவர் பெயர் வந்துவிடுகிறது. அவரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவருடையது சேர்க்கிற பெட்டி. எனக்கு வேண்டியது கழிக்கிற பெட்டி. இரண்டையும் ஒரே பெட்டியில் செய்யப் போனால் சேர்ப்பதுதான் நடக்கும், அதுதான் சுலபம்.

கழிக்க எத்தனையோ வழி சொல்கிறார்கள். கணக்குக்காரி என்பதால் எனக்கு முதலில் பழக்கமான வழி எக்செல்தான். புதுமைக்குப் பத்து, உணர்ச்சிக்குப் பத்து, எனக்கு அந்த உலகம் தெரியுமா என்பதற்குப் பத்து என்று வரிசையாகக் கட்டங்கள் போட்டு, கடைசியில் முப்பதுக்கு ஒரு கூட்டுத்தொகை. இதைப் பரிந்துரைக்கிறவர்கள் நிறையப் பேர். நான் பரிந்துரைக்க மாட்டேன். மதிப்பெண்கள் எல்லாம் நடுவில் வந்து குவியும், பதினாறுக்கும் பதினெட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம், எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு கனம் என்பதைக் கொஞ்சம் நகர்த்தினால் நமக்குப் பிடித்தது மேலே வந்து உட்காரும். வர வேண்டிய எண்ணை வர வைப்பது எங்கள் தொழிலில் புதிதில்லை. பட்ஜெட் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு கருவைத் தனியாக வைத்துக்கொண்டு அதற்குப் பத்துக்கு எத்தனை என்று சொல்வது கஷ்டம். இரண்டை வைத்துக்கொண்டு எது என்று சொல்வது சுலபம். எல்.எல். தர்ஸ்டன் என்ற உளவியலாளர் இப்படி ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதற்கு 1927லேயே ஒரு கணித வடிவம் கொடுத்துவிட்டார். அட்டைகள் இந்த வேலைக்கென்றே செய்தவை போல இருக்கின்றன. இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று, ஒன்றைக் கீழே வை. அவ்வளவுதான். எந்தச் செயலியிலும் இந்த வேகம் வராது.

கணக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்பது அட்டையை ஒவ்வொன்றோடும் மற்ற எல்லாவற்றையும் மோதவிட்டால் 780 ஒப்பீடு. ஆளை விடுங்கள். நாக் அவுட் முறையில் 39 ஒப்பீட்டில் ஜெயித்தவர் தெரிந்துவிடும். ஆனால் அதில் ஒரு ஓட்டை: உண்மையில் இரண்டாவது இடத்துக்கு உரியது முதல் சுற்றிலேயே முதலிடத்தோடு மோதி வெளியே போயிருக்கலாம். அதனால் நான் இரண்டையும் கலந்தேன். நாக் அவுட் இரண்டு சுற்று மட்டும். இருபது ஒப்பீட்டில் இருபது அட்டை மிஞ்சும், இன்னும் பத்தில் பத்து மிஞ்சும். அந்தப் பத்தை மட்டும் எல்லாவற்றோடும் எல்லாவற்றையும் மோதவிட்டால் 45. ஆக 75 ஒப்பீட்டில் வேலை முடிந்தது. கீழே போன முப்பதில் ஒன்றிரண்டு நெஞ்சை உறுத்தினால் அவற்றையும் உள்ளே எடுத்துக்கொள்ளலாம், போலீஸ் வராது.

ஒப்பிடும்போது கேட்கும் கேள்விதான் முக்கியம். 'எது நல்ல கதை?' என்று கேட்டால் கௌரவமான பதில் வரும். பெரிய விஷயம் பேசும் கரு, விருதுக் களை உள்ள கரு, அது மேலே போகும். 'இன்று ராத்திரி உட்கார்ந்தால் இந்த இரண்டில் எதன் முதல் பக்கத்தை எழுதுவேன்?' என்று கேட்டுப் பாருங்கள். வரிசை தலைகீழாகும்.

இங்கே கோடு போட்ட அட்டையின் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். வழக்கமாக மேலே ஒரு சிவப்புக் கோடு இருக்கும், அதற்குக் கீழே நீலக் கோடுகள். சிவப்புக் கோட்டுக்கு மேலே தலைப்பு எழுதத்தான் கை போகும். எழுதாதீர்கள். நல்ல தலைப்பு வைத்த அட்டை மோதலில் ஜெயித்துக்கொண்டே போகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே. தலைப்பு யோசிப்பதில் எனக்கு ஓரளவு திறமை உண்டு என்பதால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். இப்போது சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒன்றும் எழுதுவதில்லை. கோடில்லாத அட்டை வாங்கினால் இந்தச் சபலமே இருக்காது.

சரி, பத்து அட்டை மிஞ்சிவிட்டது. மோதலில் எது முதலில் வந்ததோ அதை எழுத வேண்டியதுதானே? இல்லை. இந்தப் பொருளின் உண்மையான மதிப்பு இதற்குப் பிறகுதான் தெரிகிறது.

மோதல் சொல்வது ஆசையை. எந்தக் கருவில் சரக்கு இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு ஒரே வழி, பத்துக்கும் ஆளுக்கொரு டிவைடர் கொடுத்துப் பெட்டியில் நிறுத்திவிட்டுச் சில வாரம் காத்திருப்பது. எதையும் எழுத ஆரம்பிக்கக் கூடாது. ஆனால் நடக்கும்போது, குளிக்கும்போது, ஆபீஸில் யாரோ பேசுவதைக் கேட்கும்போது, ஏதாவது ஒரு கருவுக்கான ஒரு வசனமோ, ஒரு காட்சியோ, ஒரு ஆளின் பெயரோ, கதவைச் சாத்தும் விதமோ தோன்றினால், புது அட்டையில் எழுதி அந்த டிவைடருக்குப் பின்னால் போட வேண்டும். ஒரு தோன்றலுக்கு ஓர் அட்டை. கொஞ்ச நாளில் பெட்டியைப் பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும். சில டிவைடர்கள் ஒட்டிக் கிடக்கும். ஒன்றிரண்டு மட்டும் தொப்பை போடும்.

இங்குதான் தாளின் கனம். சாதாரண அச்சுத் தாள் 80 ஜிஎஸ்எம் இருக்கும், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம். நல்ல இன்டெக்ஸ் கார்டு 180, 200 ஜிஎஸ்எம் அளவில் வரும். மெல்லிய அட்டை வாங்கினால் பெட்டியில் நிற்காமல் வளையும், எது தடித்தது என்றும் கண்ணுக்குத் தெரியாது. கட்டைப் பிரிப்பதற்கு முன் ஒரு முனையை விரலால் தட்டிப் பாருங்கள், விறைப்பு தெரியும்.

எனக்கு மோதலில் முதலில் வந்த கரு இது: ஒரு லிஃப்ட் மெக்கானிக், பழுது பார்த்ததற்குப் பணம் தராமல் இழுத்தடிக்கும் கட்டட முதலாளியோடு அதே லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார். சரி செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். செய்வாரா? யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், "எழுதேன்" என்பார்கள். பெட்டியில் அதற்குப் பின்னால் ஒரு அட்டைகூட விழவில்லை. யோசித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது. சொல்லி முடிக்கும்போதே அது முடிந்துவிடுகிறது. எழுதினால் நான்கு பக்கம், நல்ல நான்கு பக்கம். அதைக் குறை சொல்லவில்லை. மூலையில் 'சிறுகதை' என்று குறித்து எடுத்து வைத்தேன். ஒரு மாதம் ஒழிந்தால் போதும். வருஷத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம். கேட்டவர்கள் சிரித்த அளவை வைத்துக் கருவைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லி ருசி தீர்ந்துபோன கருவை எழுத உட்கார்ந்தால் கை ஓடாது.

தடிமனும் ஏமாற்றும். இதுதான் மஞ்சள் கட்டு வாங்கிய காரணம். என் பெட்டியில் எல்லாவற்றையும் விடத் தடித்தது ஒரு கலங்கரை விளக்கக் கதை. காவலாளி ஒருவர், விளக்கு ஒன்று, சுற்றிலும் கடல். அதற்கு அட்டை வந்துகொண்டே இருந்தது. பிரெனெல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கண்டுபிடித்த வளைய வளையமான லென்ஸ் 1823ல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் பொருத்தப்பட்டது, ஓர் அட்டை. பிற்காலத்தில் டன் கணக்கில் எடையுள்ள லென்ஸைப் பாதரசத் தொட்டியில் மிதக்க விட்டார்கள், விரலால் தள்ளினாலே சுழலும் என்பது இன்னொன்று. அந்தப் பாதரசத்தைக் காவலாளிகள் அவ்வப்போது வடிகட்டிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது, ஆவியைச் சுவாசிக்கவும் வேண்டியிருந்தது, மேலும் ஓர் அட்டை. ஒவ்வொன்றும் அழகு. வாசிக்க வாசிக்கப் பெட்டி நிறைகிறது. பிறகு தகவல்களை மஞ்சள் அட்டைக்கும், கதைக்குள் நடப்பதை மட்டும் வெள்ளை அட்டைக்கும் பிரித்தேன். கலங்கரை விளக்கத்தில் மஞ்சள் ஒரு கட்டு, வெள்ளை இரண்டே அட்டை. விளக்கு இருக்கிறது, காவலாளி இல்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு இன்று வரை ஒரு வரி தோன்றவில்லை. சரித்திரக் கதையோ, அறிவியல் கதையோ எழுத நினைப்பவர்கள் இரண்டு நிறத்தில் வாங்காமல் இந்த முறையில் இறங்காதீர்கள். படிப்பது எழுதுவது போலவே இருக்கும், அவ்வளவு சுகம் அதில்.

வெள்ளையில் தடித்தது மோதலில் நடுவில் எங்கோ வந்த ஒன்று. இரண்டு சகோதரிகள். தாய்க்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறது. பெரியவள் வீட்டோடு பேசுவதை நிறுத்திப் பல காலமாகிறது. தாய் தினமும் பெரியவளைக் கேட்கிறாள். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் சின்னவள் ஒரு நாள் பக்கத்து அறையிலிருந்து அக்காவின் குரலில் போன் செய்கிறாள். அட்டையில் இவ்வளவுதான் இருந்தது. பிறகு வந்தவை: தாய் போனில் 'பெரியவளிடம்' சின்னவளைப் பற்றிக் குறை சொல்கிறாள். சின்னவள் அக்காவாக இருந்துகொண்டு தனக்காக வாதாடுகிறாள். ஒரு நாள் வாதாடாமல், ஆமாம் அவள் அப்படித்தான் என்று சொல்லிவிடுகிறாள். உண்மையான அக்கா போன் செய்யும்போது தாய், "நீ யார்?" என்கிறாள். இவை எதையும் நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வந்தவை. கேட்காமலே வந்து விழுகிற கருவுக்கும், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காத்திருக்கிற கருவுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தப் பெட்டி காட்டுவது போல வேறெதுவும் எனக்குக் காட்டவில்லை. அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எதிர்பாராத லாபம் ஒன்று. மேஜையில் பரப்பியிருந்தபோது அந்தக் கடிகார ஊர் அட்டையும் வேறொரு அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அந்த இன்னொன்றில் ஒரு பெண், கூட்டங்களுக்கு எப்போதும் முதல் ஆளாக வந்து காலி அறையில் உட்கார்ந்திருப்பவள். ஆள் உண்டு, நடப்பு இல்லை. கடிகார ஊரில் நடப்பு உண்டு, ஆள் இல்லை. ஒரு கிளிப் போட்டு இரண்டையும் சேர்த்துவிட்டேன். நாற்பது கருவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்து உட்கார்கிறோம். பாதி அட்டைகள் முழுக் கருவே இல்லை, இன்னொன்றின் மறுபாதி. அட்டைகள் கண்டபடி கலந்து கிடந்ததால்தான் இது கண்ணில் பட்டது. தலைப்புவாரியாக ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தால் இரண்டும் சந்தித்தே இருக்காது.

செயலிகள் இதைச் செய்யாதா என்று கேட்பீர்கள். செய்யும். ஸ்க்ரிவனர் மென்பொருளில் கார்க் பலகை என்ற வசதியே இந்த அட்டைகளைப் பார்த்துச் செய்ததுதான். ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் அந்தக் காட்சியின் எழுத்து தொங்கும், அட்டையை நகர்த்தினால் எழுத்தும் நகரும். கதையைத் தேர்ந்தெடுத்த பிறகு காட்சிகளை மாற்றி மாற்றி அடுக்க அதற்கு ஈடு இல்லை, காகிதம் தோற்கும். ட்ரெல்லோவும் அட்டை, பட்டியல் என்ற இதே எண்ணத்தில் 2011ல் வந்தது, எங்கிருந்தாலும் போனில் திறக்கலாம். ஆனால் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் எனக்கு வேண்டியது பற்றாக்குறை. திரையில் அட்டையின் விளிம்பு வெறும் படம், எழுதிக்கொண்டே போகலாம், இணைப்பு சேர்க்கலாம், படம் ஒட்டலாம். பிடித்த கருவுக்கு ஐந்து பக்கம், பிடிக்காததற்கு ஒரு வரி என்று ஆகிவிடும், பிறகு ஒப்பிட என்ன இருக்கிறது? காகித அட்டையில் எல்லோருக்கும் ஒரே நிலம்.

குறைகள் இல்லாமல் இல்லை. தேடும் வசதி கிடையாது. பிரதி கிடையாது. தண்ணீர் டம்ளர் ஒன்று சாய்ந்தால் போயிற்று, அதனால் அவ்வப்போது மேஜையில் பரப்பிப் போனில் படம் எடுத்து வைக்கிறேன். ஊற்றுப் பேனா மை பல அட்டைகளில் ஓரம் பிசிறிப் பரவுகிறது. பென்சில் பரவாது, ஆனால் பெட்டிக்குள் அட்டைகள் ஒன்றோடொன்று உரசி மங்குகிறது. சாதாரண பால்பாயின்ட்தான் கடைசியில் தேறியது. ராத்திரி பாதித் தூக்கத்தில் தோன்றுவதற்கு அட்டையைத் தேட முடியாது, போனில் பேசிப் பதிவு செய்துவிட்டு வார இறுதியில் அட்டைக்கு மாற்றுகிறேன். இதை முதலில் தொந்தரவாக நினைத்தேன். இப்போது அதுவும் ஒரு சல்லடை. மாற்றி எழுதச் சோம்பலாக இருக்கும் கருக்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

டிவைடர்கள் பல ஆங்கில எழுத்து வரிசை அச்சிட்டு வருகின்றன. நமக்கு அந்த எழுத்துகளால் பயனில்லை, திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எழுதிக்கொள்ளலாம். அவற்றில் ஒன்றை மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்து, 'பிறகு' என்று எழுதுங்கள். தோற்ற அட்டைகள் அதற்குப் பின்னால். இதை ஏதோ ஒழுங்குக்காகச் சொல்லவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போவதற்குப் பாதிக் காரணம், மற்றவை செத்துவிடும் என்ற பயம். அவை பெட்டியின் பின்பக்கத்தில் பத்திரமாக இருக்கின்றன என்று தெரிந்தால் கை துணிகிறது.

இந்தக் கடைசி டிவைடரின் அசல் வேலை பின்னால்தான் வருகிறது. நாவல் கொஞ்ச தூரம் ஓடி, முதல் உற்சாகம் வடிந்து, அடுத்த அத்தியாயம் கல்லாக நிற்கும் கட்டத்தில், எங்கிருந்தோ ஒரு புதுக் கரு வரும். பளபளவென்று இருக்கும். ஏன் இருக்காது? அதில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லையே. அப்போது ஓர் அட்டை, மூன்று வாக்கியம், 'பிறகு'வுக்குப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவேன். சகோதரிகள் கதை நடுவில் இருக்கும் இப்போது அந்தப் பகுதியில் நல்ல கூட்டம். முதல் வரைவு முடியும் வரை அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். பெரும்பாலும் கடைப்பிடிக்கிறேன்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. எழுத ஆரம்பித்த பிறகுதான் கதை என்னவென்றே தெரியும் என்று சொல்கிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், நல்ல எழுத்தாளர்கள். யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று அவர்களை முதலிலேயே கேட்பது அநியாயம். அவர்கள் மூன்று கருவை எடுத்து மூன்றுக்கும் முதல் இரண்டு பக்கம் எழுதிப் பார்ப்பது நல்லது. இரண்டே கரு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி அதிகப்படி. எழுதுபொருள் கடையில் நுழைந்தால் வெளியே வரத் தெரியாதவர்களும் யோசித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிற அட்டை, ஏழு நிறப் பேனா, ஒட்டுக் குறி என்று ஆரம்பித்தால் அலங்காரமே வேலையாகிவிடும்.

வாங்குகிறவர்களுக்கு: இரண்டே நிறம். 5க்கு 8 அங்குலப் பெரிய அட்டை வேண்டாம், அதில் இடம் தாராளம், நமக்கு அதுதான் ஆகாது. முடிந்தால் கோடில்லாதது. பெட்டியை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். அட்டைக்குச் சரியான உயரம் என்று போட்டிருக்கும் சில பெட்டிகளில் அட்டை நிற்கும், அதைவிடச் சற்று உயரமான டிவைடரின் காது மூடியில் இடிக்கும். டிவைடரையும் ஒன்று நிறுத்தி, மூடி முழுதாக மூடுகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.